சுடலைக்குயிலும் பெரியம்மா வீடும்

மழைத்துளியை மட்டுமே அருந்தும் சாதகப் பறவை கவிஞர்களின் வெறுங்கற்பனை என்றே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். நம் சுடலைக்குயிலையே அப்பெயரால் சுட்டுகின்றனர் என்று பின்னர் அறிந்தபோது வெட்கமாக இருந்தது. மேலே கறுப்பு, கீழே வெண்மை, தலையில் கொண்டை. வட இந்தியாவுக்கு இது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள இனமோ இம்மண்ணிலேயே வாழ்வது.

எங்கள் மன்னவனூரின் குளிரில் இதை நான் கண்டதில்லை. 1992இல் உயர்நிலைப் படிப்புக்காக அப்பா என்னைப் பழனியில் பெரியம்மா வீட்டில் விட்டார். அங்கேதான் வேலிக்கருவைப் புதரில் முதன்முதலாகப் பார்த்தேன்.

தவிட்டுக்குருவியின் நீல முட்டைகளுக்கிடையே இது தன் நீல முட்டையை இட்டுச் செல்லும். ஐரோப்பாவில் கூவும் குயிலின் குஞ்சு, கூட்டிலுள்ள பிற முட்டைகளையும் குஞ்சுகளையும் வெளியே தள்ளிவிடும். சுடலைக்குயிலின் குஞ்சு அவ்வாறு செய்வதில்லை. அவற்றோடு சேர்ந்தே வளரும். ஆயினும் வரும் இரை பங்காகத்தானே வேண்டும்?

பெரியம்மாவின் மகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இருவரைப் படிக்கவைக்க அவ்வீட்டு வருமானம் போதவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. நான் யாரையும் தள்ளவில்லை என்று அதுவரை நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

சென்ற மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் தவிட்டுக்குருவிகள் இரைந்துகொண்டிருந்தன.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும் தம்பி" என்றாள். தன் பிள்ளைகளுக்கு முன்பாக எனக்கே பரிமாறினாள்.