277 பேர் போனார்கள்... பெயர்கள் எங்கே?

பாலாற்றங்கரை வாலாஜாபாத், ஒரு காலத்தில் கம்பெனிப் படை முகாமிட்டிருந்த ஊர். அதே ஆற்றை ஒட்டி மேற்கே போனால் வேலூர். அங்கே லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-19 பெரும்போருக்கு ‘இந்தக் கிராமத்திலிருந்து’ 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அது.

கோட்டையே இருக்கிற ஊர் கிராமமா என்று சிரிப்பு வரலாம். அன்றைய இந்தியாவில் பல ஊர்களில் இதே வாசகம்தான். ஊர்ப் பெயரும் எண்களும் மட்டும் மாறும்.

யார் அந்த 14 பேர்? யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு? கல்லில் இல்லை.

கடல் தாண்டியும் இதே கதைதான். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் போரிட்ட மெசபடோமியாவில், பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையானார்கள். இப்படிப்பட்ட பாகுபாட்டுக்காக காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021-ல்தான். நூறு வருஷம் கழித்து!

அதே ஆண்டு, லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் பதிவேடுகள் இணையத்தில் ஏறத் தொடங்கின. சுமார் 3,20,000 வீரர்களின் விவரம், ஊர் வாரியாக.

வேலூரின் 277 பேரில் பலருக்குக் கொள்ளுப்பேரன், பேத்திகள் இருப்பார்கள். வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் அந்தக் காலத்துப் பதக்கம் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் பொடி எழுத்தில் அங்கேதான் பொறிப்பார்கள்.