பொரிக்கிறது மெஷின்... வளர்க்கிறது யாரு?

கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. அந்த முட்டைக்கோழிப் பண்ணைகளில் சேவலே கிடையாது. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும், ஆனால் அதில் கரு இருக்காது. கோவையில் நான்காம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையனுக்கு இது தெரியவந்தபோது, ஆறு வெள்ளை முட்டைகள் அவன் துணி அலமாரிக்குள் பத்து நாளாக இருந்தன. நல்லவேளை, உடைவதற்குள் அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

அழுகையைப் பார்த்து அப்பா ஆன்லைனில் தெர்மோகோல் பெட்டி இன்குபேட்டர் ஒன்றை வரவழைத்தார். ஈரோட்டுப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மாயி, தவிட்டுக்குள் புதைத்து 12 நாட்டுக்கோழி முட்டை கொடுத்து அனுப்பினார். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "பொட்டி பொரிச்சுப் போடும் சரி, அப்புறம் யாரு மேய்க்கிறது?"

அப்போது யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

அம்மாயி அடை வைக்கும் விதம் வேறு. கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், இடி விழுந்தால் முட்டை கெடாமலிருக்க ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்புத்துண்டும். கரித்துண்டு இடியைத் தடுக்குமா என்பது வேறு விஷயம். ஆனால், மற்றதெல்லாம் கோழியே பார்த்துக்கொள்ளும். அலகால் முட்டைகளைப் புரட்டும், ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளும், நாளுக்கு ஒருமுறை இறங்கி அவசரமாகத் தின்றுவிட்டு மறுபடி ஏறி உட்காரும். முட்டையைப் புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். இது அதற்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

பெட்டியும் இதைச் செய்தது. 37.5 டிகிரி சூடு, நேரத்துக்கு ஒரு புரட்டல். ஏழாம் நாள் இருட்டறையில் மொபைல் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தபோது, சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. மூன்று முட்டைகளில் ஒன்றுமே இல்லை. அவற்றை எடுத்துவிட்டார்கள். 18-ம் நாள் புரட்டலை நிறுத்தி, ஈரப்பதத்துக்காகக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினார்கள். 20-ம் நாள் இரவு, ஓட்டுக்குள்ளிருந்தே கீச்கீச் சத்தம். தாய்க்கோழியாக இருந்தால் பதிலுக்குக் குரல் கொடுக்கும். இங்கே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாலைக்குள் ஏழு குஞ்சுகள் வந்துவிட்டன. ஒரு முட்டை அசையவே இல்லை. இன்னொன்றில் பட்டாணி அளவு ஓட்டை, உள்ளே ஓர் அலகு. பத்து மணி நேரமாகியும் அப்படியே இருந்தது. பையன் ட்வீசரை எடுத்துவிட்டான். "செத்துடும்மா, நான் உரிச்சு விடறேன்!"

வீடியோ காலில் அம்மாயி சொன்னது ஒன்றுதான். "கைய வெக்காத சாமி. அதுக்கு நேரம் வோணும்."

அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இருப்பதில்லை. ஓட்டை ஒட்டிய சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்ப வேண்டும், மிச்சமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்பட வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும். முதல் கீறலிலிருந்து முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். அன்றிரவு ட்வீசர் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. விடியற்காலையில் எட்டாவது குஞ்சு வந்தது.

எல்லோரும் கொண்டாடினார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான்.

உள்ளே இழுத்த மஞ்சள்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும் என்பதால் முதல் நாள் தீனி பற்றிய கவலை இல்லை. நான்காம் நாள் ஒரு குஞ்சு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்து செத்துக் கிடந்தது. இரண்டு விரல் ஆழம்கூட இல்லை. கிண்ணத்தில் நாலு கூழாங்கல் போட்டிருந்தால் போதும், அலகு மட்டும்தான் நனையும். பையன் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

பிறகு அம்மாயி தினமும் போனில் வந்தார். வழவழப்பான பேப்பரில் கால் அகன்று ஊனமாகிவிடும், சாக்கு விரி. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், விலகி ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, அதைப் பார்த்துப் பல்பை ஏற்றி இறக்கு. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு தடுப்பு மருந்து. இதைத் தள்ளிப்போட்டு மொத்தக் குஞ்சுகளையும் இழந்த வீடுகள் ஏராளம்.

கரன்ட் போன ராத்திரிகளில் அம்மா வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு கோழி சும்மா இறக்கையை விரித்துச் செய்யும் வேலை அது. மெஷினுக்கு விலை பார்ப்பவர்கள், ஒரு மாதத்துக்கு நள்ளிரவில் யார் எழுந்திருப்பது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஏழும் பிழைத்தன. மூன்றரை மாதத்தில் நான்கு சேவல், மூன்று பெட்டை என்று தெரிந்துவிட்டது. பொரிக்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. முட்டையில் பாதிக்குப் பாதி சேவலாகத்தான் வரும். அதிகாலை நாலு மணிக்கு நான்கும் போட்டி போட்டுக் கூவ, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மாயி பஸ் ஏறி வந்து சேவல்களைக் கூடையில் வைத்துக் கட்டினார்.

"அடிச்சுக் குழம்பு வெச்சுருவியா அம்மாயி?"

"கோழிங்களுக்கு ஒரு சேவல் வோணுமில்ல சாமி. அந்தக் கடைசியா வந்தத நான் வெச்சுக்கறேன்."

மற்ற மூன்றைப் பற்றி அவன் கேட்கவில்லை. பெட்டைகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டான்.