பூங்கா என்றால் குரோட்டன்ஸ் மட்டும்தானா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் படித்தவர்களுக்கு பிளவக்கல் தெரியாமல் இருக்காது. வத்திராயிருப்பைத் தாண்டிப் போனால் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் சுற்றுலா என்றால் அங்கேதான். அணையைப் பார்த்துவிட்டு, பூங்காவில் உட்கார்ந்து புளியோதரை தின்றுவிட்டு வருவோம். எதிரிலேயே மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனால் அது காடு. பூங்கா வேறு, காடு வேறு என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்!

நான் இப்போது இருக்கும் ஊரில் (பேர் வேண்டாம்) புதிதாக ஒரு பூங்கா கட்டினார்கள். முதல் வேலையாக அங்கே நின்ற ஒரு புளியமரத்தையும் இரண்டு வேப்பமரங்களையும் வெட்டினார்கள். இப்போது டைல்ஸ் பதித்த நடைபாதை, குரோட்டன்ஸ், தண்ணீர் வராத நீரூற்று, ஒரு சிமெண்ட் மான் எல்லாம் இருக்கிறது. மத்தியானம் உட்கார நிழல்தான் இல்லை.

மரம் வெட்டினால் இன்னொன்று நட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அதற்குப் பதில் எங்கள் மலையடிவாரத்து அணிலிடம் இருக்கிறது. சாம்பல் நிற அணில் தெரியும்தானே? வீட்டு அணிலைப் போலப் பல மடங்கு பெரியது, உடம்பு நீளத்துக்கு வால். இதற்காகத்தான் 1988ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. இந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட வேண்டும், அதன் வழியாகத்தான் போகும். கூடு கட்டுவதும் கிளைகள் பின்னிக்கிடக்கும் உச்சியில்தான். ஆபத்து வந்தால் பக்கத்து மரத்துக்குத் தாவி ஓடிவிடலாம் அல்லவா! நடுவில் ஒரு பெரிய மரம் போனால் அதற்குப் பாலம் உடைந்த மாதிரி. கீழே பத்துக் கன்று நட்டு என்ன பயன்? அவை வளர்ந்து கிளை கோர்ப்பதற்குள் பல தலைமுறை அணில்கள் போய்விடும்.

பழைய காட்டை நகரத்துக்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், சென்னையில் கிண்டி இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரரின் வேட்டைக்காடாக இருந்ததை 1821ல் அரசாங்கம் வாங்கியது. 1910ல் காப்புக்காடு. அப்போது சுமார் 5 சதுர கிலோமீட்டர். அப்புறம் ஐ.ஐ.டி.க்குக் கொஞ்சம், தலைவர்கள் நினைவிடங்களுக்குக் கொஞ்சம் என்று பிய்த்துக் கொடுத்து, 1978ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிச்சம் 2.7 சதுர கிலோமீட்டர். அந்த மிச்சத்தில்தான் புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கிய காடு இல்லை, கொடுத்தது போக மீந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள்ளும் இப்படி 6 ஹெக்டேர் மழைக்காடு உண்டு. 1859ல் பூங்கா வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் காடு. அதை வெட்டாமல் சுற்றிப் பூங்கா போட்டிருக்கிறார்கள்.

நிழல் தரும் பெரிய மரமெல்லாம் நம் மரம் என்றும் நினைக்க வேண்டாம். குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்துக்காரர் (இவ்வளவு அழகாகப் பேர் வைத்துவிட்டு அந்நியர் என்று சொல்ல மனசு வரவில்லை!). 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னைச் சாலைகளில் விழுந்து கிடந்தவற்றில் இந்த மாதிரி மரங்கள் நிறைய. நின்றுகொண்டிருப்பதை வெட்டச் சொல்லவில்லை. புதிதாக நடும்போது நீர்மருது, இலுப்பை, நாவல் என்று நடலாமே என்கிறேன்.

எனக்கு உண்மையான பயம் மலையடிவாரத்துத் தோப்புகளைப் பற்றித்தான். சாம்பல் அணிலுக்கு மாங்காயும் புளியங்காயும் பிடிக்கும். காப்பகத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது, கிளை போகும் வழியில் பட்டா நிலத்துத் தோப்புக்குள் வந்துவிடும். அந்தப் புளியும் மாவும் ஒருவருடைய சொந்தச் சொத்து. பெண் கல்யாணத்துக்கோ கடனுக்கோ மரத்தை விறகுக்கு விற்றால் அவரை எப்படிக் குறை சொல்வது? வருஷத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கம் அந்த மரத்துக்கு வாடகை கொடுக்கலாம். சிமெண்ட் மானுக்குச் செலவு செய்யக் காசு இருந்ததே!