டில்லிப் புகையும் கவரிங் சங்கிலியும்

"ரயிலில் தங்கம் வேண்டாம், கவரிங்கைப் போட்டுக்கோ" என்றார் மாமியார். அப்படியே சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். இரண்டு இரவுப் பயணம். நவம்பர் மாதம்.

கரோல் பாகில் தங்கை வீடு. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடே தெரியவில்லை. "பனியா?" என்றேன். "புகை, அக்கா!" என்றாள். பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் வைக்கோல் தாள், வண்டிப் புகை, புழுதி எல்லாம் குளிரில் மேலே கலையாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிடுமாம்.

ஆர்.கே.புரம் மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டு இறங்குவதற்குள் தொண்டையில் முள் குத்துகிற மாதிரி கரகரப்பு. கழுத்தைச் சுற்றிச் சிவந்து ஒரே அரிப்பு! கம்பளி மப்ளரை இறுக்கிச் சுற்றினேன். அரிப்பு கூடியதுதான் மிச்சம். அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது நினைவுக்கு வர, ராத்திரி தூக்கமே இல்லை.

மறுநாள் லேடி டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "கட்டி ஒண்ணும் இல்லேம்மா. உள்ளே புகை, வெளியே சங்கிலி!" என்று சிரித்தார். கவரிங்கின் முலாம் தேய்ந்தால், அடியிலுள்ள நிக்கல் வியர்வை பட்டுச் சிலருக்குத் தோலை அரிக்குமாம். கம்பளி உராய்வு வேறு.

சங்கிலியைக் கழற்றினேன். மப்ளருக்குள் பருத்தித் துணி, வெளியே போக முகக்கவசம், இரவில் வெதுவெதுப்பான உப்புநீர்க் கொப்பளிப்பு. ஊர் திரும்புவதற்குள் குணம் தெரிந்தது.

ஆனால் சகோதரிகளே, குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினாலோ, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி என்றாலோ கை வைத்தியம் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.