காட்டியவர் பெயர்

மலையகத்துக் காட்டுயிரைப் படம்பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறார்கள். சிறுத்தை வேண்டுமென்பவர்கள் பொகவந்தலாவை, காசல்ரீ பக்கம் போகிறார்கள். பூண்டுலோயாவில் கமராப் பையோடு இறங்குபவர் குறைவு. அங்குள்ள ஹெரோ, ஈட்டன், சீன், டன்சினன் தோட்டங்களைப் பார்க்கும்போது இது எவ்வளவு பெரிய இழப்பு என்று படுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மலை முழுக்கத் தேயிலை ஒன்றுதான். உள்ளே நடந்தால் ஓடைக் கரைகளில் வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள், தேயிலை நட முடியாத பாறைகள், பாசி பிடித்த பழைய நிழல் மரங்கள், பாதை ஓரத்து மண்மேடுகள் என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயிர்கள் குடியிருக்கின்றன. இலங்கையில் பதிவாகியுள்ள காட்டு ஓர்கிட் இனங்கள் ஏறத்தாழ 190. அவற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. ஈரமான மலைச்சரிவுகள் அவற்றில் பலவற்றின் வீடு. இவற்றை நல்ல படமாகவும் காணொளியாகவும் எடுப்பவர்களின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த மலைகளில் எடுக்கப்படும் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இடத்தைக் காட்டிய ஒருவர் இருக்கிறார். காட்டுவதை உதவி என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். அது அந்தக் கலையில் பாதி. பாதி வேலைக்குரிய பெயரும் சம்பளமும் அதைச் செய்பவருக்குக் கிடைக்கவேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

ஓர்கிட்டைப் படமெடுக்கும் வேலையைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். பூவை முன்னாலிருந்து ஒருமுறை எடுத்தால் அழகான படம் கிடைக்கும். இனம் இன்னதென்று சொல்ல அது போதாது. பக்கவாட்டுத் தோற்றம், நடுவிதழின் உட்புறம், இலையின் இரு பக்கங்கள், தண்டு, செடி ஒட்டியிருக்கும் மரத்தின் பட்டை எல்லாமே வேண்டும். மப்பும் மூட்டமுமான வெளிச்சம் நல்லது. பிளாஷ் அடித்தால் இதழின் நிறம் வெளுத்துவிடும். காற்று எழுவதற்கு முன் விடியற்காலையில் எடுத்தால் பூ அசையாது. இதையெல்லாம் ஆர்வமுள்ள எவரும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். வனராஜா என்று சிங்களத்தில் சொல்லப்படும் ஓர்கிட்டின் இலையில் கருஞ்சிவப்புப் பட்டின் மேல் பொன் நரம்பு ஓடுகிறது. பூக்காத காலத்தில் அது சருகுக்கு நடுவே சருகாகவே கிடக்கும். அது எந்த மரத்தடியில் இருக்கிறது, போன வருடம் எந்த மழைக்குப் பிறகு பூத்தது என்பதை எந்தக் கமராவும் சொல்லாது. தோட்டத்தில் கொழுந்துச் சுற்று ஏழு முதல் பத்து நாள். ஒரே மலைக்கு, ஒரே நிரைக்கு, அந்தக் கணக்கில் ஒரு பெண் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வருகிறாள். கவ்வாத்து வெட்டியபின் மலை வெளிச்சமாகும்போது என்ன முளைக்கிறது, கான் ஓரத்தில் எப்போது எது பூக்கிறது, எந்த நிரையில் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டே போகிறாள். எந்தப் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒரே இடத்தை இவ்வளவு நெருக்கமான கால இடைவெளியில், இவ்வளவு நீண்ட காலம் பார்த்திருக்க முடியாது. அந்தப் பார்வையை யாரும் எழுதி வைக்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

இந்தக் குறைக்குப் பூண்டுலோயாவிலேயே ஒரு வரலாறு உண்டு. எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் ஈட்டன் தோட்டத்தில் இருந்த தேயிலைத் துரை. 1890இல் தேயிலைச் செடியின் பூச்சிகளைப் பற்றி எழுதினார். இலங்கையின் செதில் பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் நுட்பமான வண்ணப் படங்களோடு 1896 தொடங்கி 1922 வரை ஐந்து பகுதிகளாக வந்தது. இடையில் அரசாங்கப் பூச்சியியல் அறிஞராகப் பேராதனையில் பணிசெய்தார். உலகின் அருங்காட்சியகங்களில் பூண்டுலோயா என்று சீட்டு ஒட்டிய பூச்சிகள் இருப்பது அவரால்தான். தத்துப்பூச்சிகளில் ஒரு பேரினத்துக்கே பூண்டுலோயா என்று பெயர். அவருடைய உழைப்பு பெரியது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தேயிலை இலைகளை நாள்தோறும் தொட்டுப் புரட்டிய கைகள் அவருடையவை அல்ல. செதில் படிந்த கிளையை முதலில் கண்டிருக்கக்கூடிய கொழுந்துக்காரியும் கவ்வாத்துக்காரரும் அறிவியலுக்குப் பெயரில்லாதவர்கள். படக்கலையிலும் கதை வேறில்லை. உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். இங்கே அவர் எடுத்த சில படங்களில் தோட்டத்துத் தமிழர்களின் முகங்கள் தெளிவாக இருக்கின்றன, பெயர்கள் இல்லை. பூண்டுலோயாவுக்கு அடுத்த மடக்கும்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளர் வாயிலிருந்த பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர்கள் கண்ணிலிருந்த காட்டை அப்படித் தொகுக்க இன்னும் எவரும் முன்வரவில்லை.

மண்ணில் வேலை செய்கிறவர் கண்டது அறிவியல் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு அவுஸ்திரேலியா நல்ல பதில் வைத்திருக்கிறது. பூமிக்கு அடியிலேயே பூக்கும் ஓர்கிட் ஒன்று மேற்கு அவுஸ்திரேலியாவின் கொரிஜினில் 1928இல் வெளிப்பட்டது. அதைக் கண்டவர் தாவரவியல் அறிஞர் இல்லை. தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜாக் டிரொட் என்ற விவசாயி. அதற்கு முந்தைய வருடம் மெல்பேர்ன் பக்கத்தில் ஈடித் கோல்மன் என்ற குடும்பப் பெண், ஒரு ஓர்கிட் பூ பெண் குளவியைப்போல் ஏமாற்றி ஆண் குளவியை வரவழைத்து மகரந்தம் ஏற்றி அனுப்புவதை எழுதினார். அந்த விசித்திரத்தை முதலில் கவனித்தவர் அவருடைய மகள். தாய் அதை மறைக்கவில்லை. 1949இல் அவுஸ்திரேலிய இயற்கை வரலாற்றுப் பதக்கம் பெற்ற முதல் பெண் கோல்மன்தான். அவர் ஆராய்ந்த கிரிப்டோஸ்டைலிஸ் பேரினத்தைச் சேர்ந்த ஓர்கிட் ஒன்று இலங்கைக் காடுகளிலும் இருக்கிறது. இங்கே அதற்கு எந்தப் பூச்சி வருகிறது என்று பொறுமையாக உட்கார்ந்து காணொளி எடுக்கத் தக்கவர் யார் என்று யோசித்தால், பக்கத்து லயத்தில் இருப்பவர்தான் எனக்குத் தெரிகிறார். டிரொட்டுக்கும் கொழுந்துக்காரிக்கும் கண்ணில் வித்தியாசமில்லை. அவருக்கு நிலம் சொந்தம், கண்டதைச் சொன்னால் கேட்க ஆள் இருந்தது. இவளுக்கு நூற்றைம்பது வருடமாக அந்த இரண்டுமே இல்லை.

வலுவான எதிர்வாதங்களில் ஒன்று கம்பிச் சுருக்கைப் பற்றியது. தோட்டத்து மக்களே பன்றிக்குச் சுருக்கு வைக்கிறார்கள், அதில் சிறுத்தை சாகிறது, அவர்களைக் காட்டின் கண்காணிகள் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபானத் தோட்டத்தில், மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் வைத்த சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, உடவளவையில் சிகிச்சை பலிக்காமல் செத்தது. இலங்கையில் உயிரோடு நடமாடும் கருஞ்சிறுத்தைகளைத் தானியங்கிக் கமரா பதிவு செய்தது அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான். இந்தக் கமராக்களை நடைபாதையின் இரு பக்கமும் எதிரெதிரே கட்டுவார்கள். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றல்ல, இரண்டும் கிடைத்தால்தான் விலங்கை ஆள் அடையாளம் காண்பதுபோல் காணலாம். எந்த ஒற்றையடிப் பாதையில் கட்டுவது என்பதை அந்தப் பாதையில் நடக்கிறவரிடமே கேட்கவேண்டியிருக்கிறது. சுருக்கு எங்கே இருக்கிறது என்பதும் அவருக்கே தெரியும். சுருக்கு வைப்பது குற்றம், அதை நான் பூசி மெழுகவில்லை. ஆனால் ஒரே ஊரில் சுருக்கு வைப்பவரும் இருப்பார், அதை அறுத்தெறியத் தயாரானவரும் இருப்பார். இரண்டாமவருக்கு மரியாதையும் வேலையும் கொடுத்தால் அவர் பக்கம் ஆள் சேரும். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டில் 2011 முதல் நடப்பது இதுதான். முன்பு இருவாசியை வேட்டையாடியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சம்பளத்துக்கு அதே பறவையின் கூடுகளைக் காவல் காக்கிறார்கள், கூட்டில் நடப்பதைக் குறித்து வைக்கிறார்கள்.

இடம் வெளியே தெரிந்தால் திருட்டு வரும் என்ற பயமும் பொய்யில்லை. மலைப் புல்வெளியில் மஞ்சளாகப் பூக்கும் நாகமரு அல, கிழங்குக்கு வசிய சக்தி உண்டென்ற நம்பிக்கையால் தோண்டப்பட்டே அருகிவிட்டது. கொம்போணான்களுக்கும் மரங்களில் மெல்ல நகரும் குட்டை ஓணான்களுக்கும் வெளிநாட்டில் விலை இருப்பதால்தான் 2019இல் ஜெனிவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் மாநாடு அவற்றைத் தன் பட்டியல்களில் சேர்த்தது. ஆனால் இடத்தை மறைக்க ஆளை மறைக்கவேண்டியதில்லை. படத்தின் கீழே மாவட்டத்தை மட்டும் போட்டு, காட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரைப் போடலாம். மலை நம்பரும் மரமும் அவரோடு இருக்கட்டும். வெளியூர்க்காரர் கண்டுபிடித்துப் போன இடத்தைவிட, ஊர்க்காரர் தன்னுடையது என்று நினைக்கும் இடமே பாதுகாப்பானது. காலில் மிதிபடுவதைப் பற்றியும் ஒரு சொல்: ஓர்கிட் விதை தூசியைப்போன்றது, தனக்கென உணவு இல்லாதது, மண்ணிலோ பட்டையிலோ உள்ள பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும். ஒரு பூவுக்காகப் பத்துப் பேர் முழங்காலிட்டுப் பாசியை நசுக்கினால், பூ அடுத்த வருடமும் வரலாம், அதன் பிள்ளைகள் வரமாட்டா. யார், எத்தனை பேர், எந்தப் பக்கமாக நடப்பது என்று சொல்லும் அதிகாரம் காட்டுகிறவரிடம் இருக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கைத்தொலைபேசியால் என்ன படம் எடுத்துவிட முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். பறக்கும் பறவையையும் இருட்டில் நகரும் தேவாங்கையும் எடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசையாத பூவையும் இலையையும் பூச்சிக் கூட்டையும் இனம் சொல்லும் அளவுக்கு எடுக்கலாம். காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் பல இடத்து உறுப்புகளைத் தானே பொருத்திச் சேர்த்த கமராவால்தான் தென்னிந்திய யானைகளைக் கறுப்பு வெள்ளையில் நிறுத்திவைத்தார். விலையுயர்ந்த கருவி அவர் பெருமைக்குக் காரணமில்லை. உண்மையான தடை காசும் நேரமும். 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாவாக வந்ததற்கும், 2024இல் 1350 ஆனதற்கும் எத்தனை போராட்டம் நடந்தது என்பது மலையகம் அறியும். கொழுந்தின் கிலோக் கணக்கு குறைந்தால் அந்தச் சம்பளமும் முழுதாக வராது. அப்படிப்பட்டவரிடம் போய், வேலையை விட்டு வந்து பூவைக் காட்டுங்கள் அக்கா என்று கேட்டுவிட்டு, கையில் ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் கொடுத்து அனுப்புவது சரியில்லை. காட்டும் நாளுக்கு ஒரு முழு நாள் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பதே தொடக்கம்.

இன்னொரு மறுப்பை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்து மக்களுக்குக் காட்டுயிர் என்பது அழகு இல்லை, ஆபத்து. கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் செய்தி மலையகப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. உயிர் போனவர்களும் உண்டு. லயத்து நாயைச் சிறுத்தை தூக்கிப் போகிறது. இந்த மக்களிடம் ஓர்கிட்டின் அருமையைப் பேசுவது பசித்தவரிடம் பாட்டுப் பாடுவதாகும் என்கிறார்கள். மறுப்பின் முன்பாதி உண்மை. அதிலிருந்து வரும் முடிவு வேறாக இருக்கவேண்டும். படம் பிடிப்பது முதலில் அவர்களுடைய தேவைக்குப் பயன்படட்டும். பெரட்டுக்கு முன்பே எந்த மலையில், எந்த மரத்தில் குளவிக் கூடு என்று நேற்று எடுத்த படம் கங்காணியின் தொலைபேசியில் இருந்தால், அன்று அந்த நிரையை விட்டு வேலை நடத்தலாம். தமிழ்நாட்டில் வால்பாறைத் தேயிலை மலைகளில் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள். ஆள் சாவும் யானை மீதான கோபமும் அதனால் குறைகின்றன. பூண்டுலோயாவில் யானை இல்லை, குளவி இருக்கிறது. குளவிக் கூட்டைப் பார்த்துப் படமெடுத்துப் பழகிய கண்தான் நாளைக்கு அதே மரத்தில் தொங்கும் ஓர்கிட்டையும் எடுக்கும். தன் பாதுகாப்புக்கு உதவாத கலையை மக்கள் கையில் எடுக்கவேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

தோட்டக் கம்பனிகளுக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் இதில் செய்ய நிறைய உண்டு. அவை செய்யும்வரை படக்காரர்கள் காத்திருக்கவேண்டியதில்லை. மலையகத்துக்குக் கமராவோடு வரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இது: உங்களை அந்த மரத்தடிக்கு அழைத்துப் போனவருக்கு அன்றைய சம்பளத்தைக் கொடுங்கள். எடுத்த படத்தை அவருடைய தொலைபேசிக்கும் அனுப்புங்கள். எங்கே வெளியிட்டாலும், அவர் சம்மதத்தோடு, உங்கள் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.