வால் ஸ்டிரீட்டில் ஒரு நகலெழுத்தர்

அமெரிக்கப் புனைகதை என்றதும் நம் நினைவில் எழுவன திமிங்கலம் துள்ளும் கடலும், மிசிசிப்பி ஆற்றில் மிதந்து செல்லும் தெப்பமும், மேற்குத் திசை நோக்கி ஊர்ந்த கூண்டு வண்டிகளுமே. எழுதுமேசையும் மைக்கூடும் எழுவதில்லை. ஆயினும் அந்நாட்டின் தலைசிறந்த எழுத்தாளருள் சிலர் அரசாங்க நாற்காலியில் அமர்ந்து சம்பளம் வாங்கியவர்களே. நத்தானியேல் ஹாதார்ன் 1846 முதல் 1849 வரை சேலம் நகரத்துச் சுங்க அலுவலகத்தில் பணியாற்றினார். (நம் சேலம் அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுக ஊர்.) ஆட்சி மாறியது, அவர் வேலையும் போயிற்று. மறு ஆண்டே 'ஸ்கார்லெட் லெட்டர்' வெளிவந்தது. நாற்காலியைச் சுவரில் சாய்த்து உறங்கிய சுங்க அலுவலகத்து முதியவர்களை அதன் நீண்ட முகவுரையில் ஆசிரியர் சற்றே பழி தீர்த்துக்கொள்கிறார். வேலை இழந்தவர் எழுதிய பக்கங்கள் அவை என்பது படித்தவுடனே புலப்படும்.

'மோபி டிக்' (1851) நாவலை அந்த ஹாதார்னுக்கே காணிக்கையாக்கியவர் ஹெர்மன் மெல்வில். அவரும் பின்னாளில், 1866இல், நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளரானார். நாளொன்றுக்கு 4 டாலர் ஊதியம். 19 ஆண்டுப் பணி. ஈண்டு நான் பேச விழைவது, அவ்வேலையில் சேர்வதற்கு 13 ஆண்டுகள் முன்னர், 1853இல் மாத இதழொன்றில் இரு பகுதிகளாகப் பெயரின்றி அவர் எழுதிய 'பார்ட்டில்பி' என்னும் கதையைப் பற்றியே.

கதையைக் கூறுபவர் வால் ஸ்டிரீட்டில் தொழில் நடத்தும் அறுபது வயதை நெருங்கிய வழக்கறிஞர். அவரிடம் நகலெழுத்தர் இருவர் உளர். டர்க்கி என்பவர் நண்பகல் வரை ஒழுங்காக எழுதுவார்; உணவுக்குப் பின் முகம் சிவந்து, தாளெங்கும் மை சிந்துவார். நிப்பர்ஸ் என்னும் இளைஞர் காலையில் அஜீரணத்தால் மேசையோடு மல்லுக்கு நிற்பார், பிற்பகலில் சாந்தமாகிவிடுவார். ஒருவர் சினம் ஓயும் வேளையில் மற்றவர் சினம் தொடங்குவதால் அலுவலகம் ஒருவாறு நடக்கிறது. எந்த அமைச்சகத்தின் எந்தப் பிரிவில் நுழைந்தாலும் இவ்விருவரையும் இன்றும் காணலாம்.

மூன்றாமவராக வந்து சேர்கிறான் பார்ட்டில்பி. வெளுத்த முகம், துப்புரவான உடை, துணையற்ற தோற்றம். நூறு சொற்களுக்கு நான்கு சென்ட் கூலியில் இரவும் பகலும் எழுதிக் குவிக்கிறான். மூன்றாம் நாள், எழுதிய நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வருமாறு முதலாளி அழைக்கும்போது, அதில் தனக்கு விருப்பமில்லை எனப் பணிவாகச் சொல்கிறான். குரலில் சினமில்லை; காரணமும் கூறவில்லை. அன்று தொடங்கிய விருப்பமின்மை சிறிது சிறிதாக எல்லாவற்றையும் விழுங்குகிறது. ஒப்பிடுவது நிற்கிறது, எழுதுவது நிற்கிறது. பின்னர் சன்னலுக்கு வெளியே மூன்றடித் தொலைவிலுள்ள சுவரைப் பார்த்தபடி நிற்பதே அவன் தொழிலாகிறது.

இந்தப் பார்ட்டில்பியை ஆய்வாளர் பலர் வீரனாகக் கொண்டாடுகின்றனர். ஆணைக்கு அடிபணியாத ஆன்மா என்பர். முதலாளியத்தின் முகத்தில் அறைந்தவன் என்பர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு இதில் ஒரு தடை உண்டு. அவன் ஒப்பிட மறுத்த தாள்களை ஒப்பிட்டவர் யார்? டர்க்கியும் நிப்பர்சும் அல்லரோ? கதையிலேயே அது தெளிவாக இருக்கிறது: அவனுக்கு அளித்த விலக்கின் சுமை மற்ற இருவர் தோளில் ஏறியது. நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் நகலில் விரலை நகர்த்தியபடி காற்புள்ளி அரைப்புள்ளி முதலாக ஒப்பிடுவோம். மாலை ஆறு மணிக்கு இருபதாம் பக்கத்தைப் படிப்பவரின் தொண்டையைக் கேட்டால் தெரியும், அடுத்த மேசைக்காரரின் தத்துவத்துக்கு விலை என்னவென்று. டர்க்கியைப் பற்றி ஒருவரும் ஆய்வேடு எழுதக் காணோம்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் என் மகளுக்கு இவ்வாதம் உவப்பாக இல்லை. "சுமையை அவங்க தலையில வச்சது வக்கீல்தானே அப்பா, பார்ட்டில்பி இல்லையே?" என்றாள். அவள் கேள்வி நியாயமானதே. ஆனால் வழக்கறிஞரையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவிலுக்குச் செல்லும் வழியில் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்க்கும் அவர், அந்த மனிதன் அங்கேயே குடியிருப்பதைக் கண்டுகொள்கிறார். சுருட்டிய கம்பளி, சவர்க்காரம், கந்தல் துண்டு, கைக்குட்டையில் முடிந்துவைத்த சேமிப்பு. முதலில் எழுவது இரக்கம். அந்த இரக்கமே சற்று நேரத்தில் அச்சமாகவும் அருவருப்பாகவும் திரிகிறது. துயரம் நம்மால் தீர்க்கத்தக்கது அன்று எனத் தெரிந்தவுடன் அதைக் காணவும் மனம் கூசுகிறது. இந்த உண்மையை மெல்வில் அளவுக்கு நேர்மையாக எழுதியவரை நான் அறியேன்.

கொடுக்கவேண்டிய 12 டாலருக்கு 32 டாலர் கொடுத்துப் பார்க்கிறார், அவன் போகவில்லை. அவனை வெளியேற்ற மனமின்றி, அலுவலகத்தையே வேறிடத்துக்கு மாற்றிக்கொள்கிறார்! இறுதியில் தம் வீட்டுக்கே வந்துவிடுமாறு அழைக்கிறார். அதற்கும் அவனுக்கு விருப்பமில்லை. பிறர் அவனைச் சிறைக்கு அனுப்ப, அங்கே உணவை ஒதுக்கி, மதிலடியில் முடங்கிக் கிடந்து மடிகிறான்.

நூறாண்டுகள் கழித்து, 1957இல், பெர்னார்ட் மாலமுட் 'தி அசிஸ்டண்ட்' என்னும் நாவலில் படைத்த மாரிஸ் போபர் இதற்கு நேர்மாறானவர். ரஷ்யாவிலிருந்து ஓடிவந்து புரூக்ளினில் மளிகைக் கடை வைத்த யூதர். எவர்க்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். கடன் திரும்பாது என அறிந்தே, குடிகாரத் தாயின் சிறுமிக்கு ரொட்டியும் வெண்ணெயும் கொடுப்பவர். ஊர்விட்டு வந்து பிழைக்கும் நம்மனோர்க்குப் பார்ட்டில்பியைவிட இவரே நெருங்கிய உறவினர். ஆயினும் இரவில் விளக்கணைத்த பின் நினைவில் வந்து நிற்பவன் அந்த நகலெழுத்தன்தான்.

அதற்குக் காரணம் கதையின் கடைசிப் பத்தி. பார்ட்டில்பி முன்னர் வாஷிங்டனில், சேர்விடம் சேராத கடிதங்களைக் கையாளும் அஞ்சல் அலுவலகத்தில் கடைநிலை எழுத்தனாக இருந்தானாம். ஆட்சி மாற்றத்தில் வேலை பறிபோயிற்றாம். வழக்கறிஞர் இதை வெறும் வதந்தியாகவே சொல்கிறார். கதையின் தொடக்கத்தில் அவரும் அரசாங்கம் ஒழித்துவிட்ட தம் பழைய பதவி ஒன்றைக் குறித்து அங்கலாய்க்கிறார். ஒருவர்க்குப் பதவி இழப்பு வருவாய்க் குறைவோடு முடிந்தது. மற்றவனுக்கு அவ்வளவில் முடியவில்லை. இவ்விரண்டையும் மெல்வில் அருகருகே வைக்கவில்லை. கதையின் இரு முனைகளில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்.

தம் மனச்சான்றை ஆற்றிக்கொள்ளவே வழக்கறிஞர் அந்த வதந்தியைப் பற்றிக்கொள்கிறார் என்பது என் மகளின் கட்சி. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நான் தில்லிக்கு வந்த புதிதில் என் தாயார் உள்நாட்டு அஞ்சல் தாளில் முகவரியைத் தமிழிலேயே எழுதி அனுப்புவார். பின்கோடு எண்களைக் கொண்டே அவை எங்கள் குடியிருப்பு வரை வந்து சேர்ந்தன; சில பதினைந்து நாள் கழித்தும் வந்தன. வராதவை எத்தனை என்பதை ஊருக்குச் சென்றபோது அவர் கேட்ட கேள்விகளிலிருந்து கணக்கிட்டுக்கொண்டேன். அவற்றையும் எங்கோ ஒரு மேசையில், எழுத்தர் ஒருவர் பிரித்துப் பார்த்திருப்பார். மொழி தெரியாதவராகவும் இருந்திருக்கலாம்.