பத்துப் பக்க அவகாசம்

புதியவர்களுக்கான திரைக்கதைப் போட்டி ஒன்று மும்பையில் நடந்தது. முதல் சுற்றில் வந்தவற்றைப் படித்து, தேறும், தேறாது என்று பிரிப்பது என் வேலை. மேஜையில் 80 திரைக்கதைகள். கையில் ஆறு வாரம்.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். முதல் பத்துப் பக்கங்களுக்குள் நிமிர்ந்து உட்காரவைக்காவிட்டால், மீதியைக் கடமைக்குத்தான் புரட்டினேன். கொடுமைதான். ஆனால் வீட்டில் ரிமோட்டும் கையுமாக இருப்பவர் அந்தப் பத்து நிமிடம்கூடத் தருவதில்லை.

பல கதைகளில் அலாரம் அடித்தது. நாயகன் கண் விழித்தான், பல் தேய்த்தான். இன்னும் சிலர் முதல் பக்கத்திலேயே குண்டு வைத்தார்கள். செத்தது யாரென்று தெரியாததால் நான் பதறவில்லை. டீ போடப் போனேன்.

பிடித்து நிறுத்துவது சத்தமல்ல. 1975இல் வந்த 'தீவார்' படத்தில் சலீம்-ஜாவேத் ஒரு சிறுவனின் கையில் தகப்பனின் அவமானத்தைப் பச்சை குத்தவைத்தார்கள். அவன் வளர்ந்து எதைச் செய்தாலும் நம் கண் அந்தக் கைக்கே போகிறது. 2013இல் வெளியான 'தி லஞ்ச்பாக்ஸ்' படத்தில் மனைவி அனுப்பிய சாப்பாடு வேறொருவரின் மேஜைக்குப் போகிறது. அவ்வளவுதான். அடுத்து என்ன என்று கேட்க இது போதும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் சறுக்கினேன். ஒரு திரைக்கதையில் பக்கத்துக்குப் பத்து எழுத்துப் பிழை. காட்சி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தில் மூடி, தேறாத கட்டில் போட்டுவிட்டேன். மறுநாள் வெளியே கிளம்பும்போது, ரயிலில் புரட்ட ஏதாவது இருக்கட்டும் என்று கட்டின் மேலே இருந்ததை எடுத்துப் பையில் வைத்தேன். அதுதான் வந்தது.

நான்காம் பக்கத்தில் ஒரு பெண் சமையலறையில் உட்கார்ந்து கணவனின் கையெழுத்தைப் போட்டுப் பழகுகிறாள். ஒரு நோட்டு முழுக்க. கணவன் அடுத்த அறையில் படுத்திருக்கிறான். உயிரோடு இருக்கிறானா என்று எழுதியவர் சொல்லவில்லை.

மாட்டுங்காவில் இறங்க வேண்டியவன் காட்கோபரில்தான் தலை நிமிர்ந்தேன்.

அன்றிரவு பரணில் கிடந்த என் பழைய திரைக்கதையைத் தேடி எடுத்தேன். பல வருடங்களுக்கு முன் வேறொரு போட்டியில் நிராகரிக்கப்பட்டது. படித்தவர்களுக்கு ரசனை இல்லை என்று அன்று திட்டியிருந்தேன். முதல் காட்சி: அலாரம் அடிக்கிறது. நாயகன் கண் விழிக்கிறான்.

அந்தப் பெண்ணின் கதை அடுத்த சுற்றுக்குப் போனது; பரிசு பெறவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. உறுத்துவது அந்தக் கட்டுதான். அதிலிருந்து ஒன்றைத்தான் பையில் எடுத்துப்போட்டேன். மற்றவற்றில் எதன் நான்காம் பக்கத்தில் யார் காத்திருந்தார்களோ?